வடிக்காத கிழங்கு

ஆபேல் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் கிடந்து சம்பாதித்தது ஒரு மாடி வீடு, மகளுக்கு ஒரு படிப்பு, அப்புறம் நானூற்றுப் பத்து சர்க்கரை. வீட்டையும் படிப்பையும் ஊரெல்லாம் சொன்ன மனுஷன் சர்க்கரையைக் கட்டிய பெண்டாட்டியிடமே மறைத்துவிட்டார். குளியலறையில் எறும்பு சாரை சாரையாகப் போனதைப் பார்த்துத்தான் நேசபாய் கண்டுபிடித்தாள். அன்றைக்கே அடுக்களைக்குப் போய் சீனி டப்பாவையும் மைதா மாவையும் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது, சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். சம்பா அரிசிச் சோறு ஒரே ஒரு கரண்டி, மிச்சத் தட்டு முழுக்கத் தொடுகறி. சாளை மீனைப் பொரிப்பது அடியோடு நின்றது. குடம்புளி போட்டு மண்சட்டியில் வற்ற வைத்தாள். முருங்கைக்கீரை, வாழைப்பூ, பலாச்சக்கைக் கொட்டை, பப்பாளிக்காய் என்று வீட்டைச் சுற்றிய விளையில் நின்றது எல்லாம் இலைக்கு வந்தது. ஆட்டுக்குக் குழை போடுவது போல எனக்கும் போடுகிறாள் என்று ஆபேல் கோயில் முற்றத்தில் நின்று முறையிட்டார். ஆறு மாதம் கழித்துச் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியபோது முறையீடும் நின்றது. எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், எனக்க வீட்டுக்காரிதான் டாக்டர் என்று அதே முற்றத்தில் நின்று சொன்னார்.

கேட்டவர்களில் ஒருவர் தக்கலை கோர்ட்டில் கிளார்க். அவருக்கும் அதே சீக்கு. மத்தியானத்துக்கு எனக்கும் ஒரு கேரியர் தருவியளா என்று கேட்டார். ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, இரண்டு வருஷத்தில் இருபத்திரண்டு கேரியர் ஆயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜினிஷா வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, ‘நேசம் வீட்டுச் சாப்பாடு’ என்று பேர் வைத்தாள். ஆபேல் ஸ்கூட்டரின் பின்னால் மரப்பெட்டி கட்டி, பதினொன்றரைக்குப் புறப்பட்டு வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகக் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த மாதம் முதல் தேதி தக்கலையில் ஒரு சின்னக் கடைமுறி திறப்பதாக இருந்தது. பாஸ்டர் ஜெபம் பண்ண வருவதாகச் சொல்லியாயிற்று. போர்டும் எழுதி வந்து ஹாலில் சுவரோடு சாய்ந்து நின்றது.

ஐம்பத்தொரு வயதுவரை அவள் ஆபேலுக்க பெண்டாட்டி, ஜினிஷாவுக்க அம்மை. இப்போது தக்கலை ஜங்ஷனில் அவளைப் பார்த்து, இந்தா நேசம் வீட்டுச் சாப்பாடு அக்கா வாறாவ என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. இதிலென்ன வெட்கம்? நிறையத்தான் செய்யும்.

இனி மரச்சீனிக் கிழங்கு, மற்ற ஊரில் மரவள்ளி. எங்கள் பக்கத்தில் மரச்சீனி வேகவைக்க யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். தொலி உரித்து, துண்டு போட்டு, பானை நிறைய வெள்ளம் ஊற்றிக் கொதிக்க வைத்து, அந்த வெள்ளத்தை வடித்துக் கொட்டிவிட்டு, வேறு வெள்ளம் ஊற்றி உப்புப் போட்டு வேகவைப்பார்கள். ஏன் வடிக்கிறோம் என்று எவரும் கேட்பதில்லை. நேசபாய் கேட்டாள். மனுஷரிடம் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அவள் போனிடம் கேட்டாள். எதையும் வெள்ளத்தில் அவித்து வடித்தால் பாதிச் சத்து வெள்ளத்தோடு போய்விடும் என்று ஒரு வீடியோவில் ஒரு டாக்டரம்மா சொன்னாள். நேசபாய்க்கு மனசு பதறிவிட்டது. இத்தனை வருஷம் எவ்வளவு சத்தைத் தென்னை மூட்டில் கொட்டியிருக்கிறோம்! அந்த வாரமே நாலு தட்டு வைத்த பெரிய ஆவிச் செம்பு ஒன்று வாங்கினாள். இனி நம் மரச்சீனி ஆவியில் மட்டும், சத்து ஒரு துளி வீணாகாது என்று குழுவில் போட்டாள். எல்லாரும் கைகூப்பும் படமும் பூப்படமும் போட்டார்கள்.

நாலு மாதம் ஒரு குறையும் வரவில்லை. எப்படி வரும்? அவள் விளையில் நின்றது நல்ல இனம், பச்சையாகக் கடித்தாலும் இனிக்கும். சர்க்கரைக்காரர்களுக்குக் கிழங்கு கிடையாது. மற்ற பதினாலு கேரியருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தோறும், மீன்கறியோடு ஐந்தாறு துண்டு.

ஆனி மாதத்துச் சாரல் பிடித்து ஒரு வாரமாக வெயில் முகம் காட்டாத நேரம் அது. அவள் விளையில் கிழங்கு தீர்ந்துபோனது. அந்த வியாழக்கிழமை சுயம்புராஜிடம் சொல்லி வைத்தாள். சுயம்புராஜ் மேலத்தெருக்காரர், அய்யாவழியில் நடக்கிற அன்புக்கொடி வீட்டு மனுஷன், ஓடைக்கரை வரைக்கும் அவர் விளைதான். சாயங்காலம் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஆபேல் போய் ஒரு சாக்குக் கிழங்கு வாங்கி வந்து அடுக்களைப் புறத்தில் இறக்கினார். என்ன சொன்னாரு சுயம்புராஜ் அண்ணன் என்று அவள் கேட்டாள். என்ன சொல்ல, மழையைத்தான் சொன்னாரு என்று தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நேசபாய்க்கு உபவாசம். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஜெபம் பண்ணி முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மற்ற நாளெல்லாம் உப்பு, புளி, காரம் எதுவானாலும் அவள் நாக்கில் பட்டுத்தான் கேரியரில் ஏறும். வெள்ளிக்கிழமை அந்த வேலை ஆபேலுக்கு. அவர் மீன்கறியைத் தொட்டு நக்கி, சம்மந்தித் துவையலைத் தொட்டு நக்கி, தலையை ஆட்டுவார். கிழங்கைத் தொட மாட்டார். தொட்டால் அவள் கரண்டியால் கையில் போடுவாள்.

விடியுமுன்னே எழுந்து, வெட்டுக்கத்தி எடுத்துக் கிழங்குத் தொலியைச் சீவினாள். உள்தொலி வழக்கத்தைவிட ஒட்டிக்கொண்டு கிடந்தது. மழைக்கிழங்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். துண்டு போட்டு நாலு தட்டிலும் பரப்பி மூடினாள். ஆவி வந்தபோது அடுக்களை முழுக்க நல்ல மணம். வெளியே சாரல் ஓட்டில் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது. தேங்காய் திருவி, காந்தாரி மிளகும் சின்ன உள்ளியும் வைத்து அம்மியில் சம்மந்தி நசுக்கினாள். கிழங்கு வெள்ளை வெளேரென்று வெந்து பிளந்து வந்தது. தின்னாவிட்டாலும் பார்த்த கண்ணுக்குப் பசி அடங்கும்போல இருந்தது. பதினொன்றரைக்கு ஸ்கூட்டர் புறப்பட்டது.

பன்னிரண்டு மணிக்கு வேதப்புத்தகத்தை மடியில் வைத்து, இருபத்திரண்டு பேரையும் பேர் சொல்லி ஜெபித்தாள். அது அவள் பழக்கம். யாருக்குப் பிரசவம், யாருக்குக் கால்வலி, யாருக்க மொவனுக்குப் பரீட்சை என்று எல்லாம் ஆண்டவரிடம் ஒப்புவிப்பாள். ஆமென் சொல்லி எழுந்து, தட்டில் இரண்டு துண்டு கிழங்கு எடுத்து வைத்து, ஒரு துண்டைச் சம்மந்தியில் தொட்டு வாயில் போட்டாள்.

முதலில் மிளகுக் காரம்தான் தெரிந்தது. அப்புறம் நாக்கின் பின்பக்கத்தில் ஒரு கசப்பு இறங்கியது. வாயைக் கொப்பளித்துவிட்டு, சம்மந்தி இல்லாமல் இன்னொரு துண்டைக் கடித்தாள். துப்பினாள்.

கிழங்கில் கட்டு உண்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கட்டு என்றால் விஷம்தான், வேறொன்றும் இல்லை. சில இனத்தில் கொஞ்சமாக இருக்கும், சில இனத்தில் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இரண்டு வெள்ளம் மாற்றி வடித்தால் போய்விடும். ஆவியில் வைத்தால் எங்கே போகும்? உள்ளேயே கிடக்கும். அவளுக்கு இது தெரியாததில்லை. ஐந்து வயதிலேயே தெரியும். தெரிந்ததெல்லாம் அந்த நாலு மாதம் எங்கே போய் ஒளிந்ததோ!

சுயம்புராஜுக்குப் போன் போட்டாள்.

“ஓடைக்கரையில நிண்ண கீழ்வரிசையாக்கும் அது” என்றார் அவர். “எலியும் பன்னியும் தொடாத இனம். மேல்வரிசை முழுக்கச் சேறு, பிடுங்க ஒக்கல்ல. ஆபேலுகிட்ட நான் சொன்னேனே, கட்டு உள்ளது, ரெண்டு வெள்ளம் மாத்தச் சொல்லுண்ணு. ஏன், மாத்தல்லியா?”

“ஆவியில வெச்சேன் அண்ணே.”



“மரச்சீனியவா?” என்றார் சுயம்புராஜ். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆராவது திண்ணாச்சா?” என்றார்.

அவள் போனை வைத்து வாசலுக்கு வரவும் ஆபேல் காலிப் பெட்டியோடு வந்து இறங்கவும் சரியாக இருந்தது. சுயம்புராஜ் அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு என்று மறுபடி கேட்டாள். அவர் முகம் போன போக்கிலேயே பதில் இருந்தது. எல்லாரும் வடிக்கத்தானே செய்வாவ, அதில சொல்ல என்ன இருக்குண்ணு விட்டுட்டேன் என்றார். நீ ஆவியில வைக்கது எனக்க ஞாபகத்தில இல்ல என்றார். தினமும் அந்த அடுக்களையில் சாயா குடிக்கிற மனுஷன். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செம்பைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் எறிய நேரமில்லை.

போனை எடுத்ததும் ஆபேல் கையைப் பிடித்தார். கட்டு என்று வாயால் சொல்லிவிடாதே, விஷக்கிழங்கு கொடுத்தாள் என்று ஒரு மணிக்கூரில் தக்கலை முழுக்கப் பரவும், கடை போகும், போலீஸும் வரும் என்றார். கிழங்கு சரியா வேகல்லை, தொடாதுங்கோ என்று மட்டும் சொல் என்றார். சொன்னதில் நியாயம் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. தின்னாமல் இருந்தால் போதுமே, காரணம் எதற்கு?

அப்படியே சொன்னாள். ரெஜிஸ்டர் ஆபீஸ்காரர் சிரித்தார். அக்காவுக்கும் வேகாமப் போகுமா என்றார். பேங்க் பெண் இன்னும் கேரியரே திறக்கவில்லை. ஒரு டீச்சர் ஒரு துண்டு கடித்துக் கசப்பு என்று துப்பிவிட்டதாகச் சொன்னாள். ஒவ்வொருவரும் சரி என்று சொல்லும்போது நேசபாய்க்கு மூச்சு ஒரு முழம் நீளமாக வந்தது. பதின்மூன்று பேர் ஆயிற்று. பதினாலாவது டெல்சி. அவள் எடுக்கவில்லை.

டெல்சிக்கு வீடு பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே, இறக்கத்தில். மாப்பிள்ளை கத்தாரில். அவள் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறாள். மகன் சிஜினுக்கு ஐந்து வயது, யூகேஜி போகிறான், பன்னிரண்டுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். மெலிந்த பிள்ளை, ஒன்றும் தின்ன மாட்டான். அவன் தின்னட்டும் என்றுதான் டெல்சி கேரியர் எடுப்பதே. மூன்று தடவை மணி அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவைக்கு நேசபாய் காத்திருக்கவில்லை. வண்டிய எடுங்க என்றாள்.

மழையில் ஸ்கூட்டர் வழுக்கி வழுக்கிப் போனது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் ஜெபிக்கப் பார்த்தாள். ஆண்டவரே என்ற ஒரு வார்த்தைக்கு மேலே ஒன்றும் வரவில்லை.

டெல்சி மெஷினை விட்டு எழுந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நனைஞ்சிட்டு வந்திருக்கியளே அக்கா என்று தலை துவட்டத் துவர்த்து எடுத்துக் கொடுத்தாள். போன் சத்தம் கேட்டால் பிள்ளை எழுந்துவிடும் என்று சைலன்ட்டில் போட்டிருந்தாளாம்.

“பிள்ள எங்கட்டி?”

“ஒறங்குதான். இண்ணைக்கு என்ன அதிசயமோ, திண்ணு கழிஞ்சதும் தலை கறங்குது அம்மாண்ணு சொல்லிட்டுப் படுத்தான். பள்ளிக்கூடத்தில ஓடி விளையாடியிருப்பான்.”

“கிழங்கு திண்ணானா?”

“முழுக்கத் திண்ணாச்சு. எனக்குள்ளதையும் அவனுக்கே குடுத்தேன். கைக்குதுண்ணு மொதல்ல துப்பினான். நான் விடுவேனா? சத்துள்ளது கைக்கத்தான் செய்யும், அக்கா சும்மா தர மாட்டாவண்ணு சொல்லி, கதை சொல்லிச் சொல்லி ஊட்டினேன்.”

நேசபாய் உள்ளே ஓடினாள். பிள்ளை பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். தலைமாட்டில் கொஞ்சம் வாந்தி. உதடு வெளுத்து, மூச்சு வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. மக்கா, மக்கா என்று கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்து, அவளைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்து, மூடிக்கொண்டது. அவள் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடிங்க என்று கத்தினாள். டெல்சிக்கு அப்போதுதான் சிரிப்பு போனது.

ஆட்டோவில் ஆபேல் டிரைவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பெண்களும், நடுமடியில் பிள்ளையும். டெல்சி தன்னைத்தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நேற்று வைத்த சாளைக்கறி மிச்சம் இருந்ததாம். காலையில் அதைச் சூடாக்கி இட்லிக்கு ஊற்றிக் கொடுத்தாளாம். ஒரு மாதிரி மணந்தது என்றும், மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன் என்றும், நானே எனக்க பிள்ளைக்கு விஷத்த வச்சிட்டேனே என்றும் சொல்லிச் சொல்லி நெற்றியில் அடித்தாள். ஆபேல் திரும்பிப் பார்த்தார்.

“மீனுதான்” என்றார். “இப்பம் எங்கயும் சாளை நல்லா இல்ல. ஐஸ் போட்டு வச்சதாக்கும் வருகு. நீ பயப்படாத பிள்ளே, ஒரு ஊசி போட்டா செரியாவும்.”

சொல்லிவிட்டு நேசபாயை ஒரு பார்வை பார்த்தார். பேசாதே என்ற பார்வை. நேசபாய் பேசவில்லை. அதை எப்படிச் சொல்லட்டும்? அவள் கெட்டவள் இல்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நாக்கின் நுனிவரை வந்தது. ஹாலில் நிற்கும் போர்டு கண்ணுக்கு முன்னால் வந்து மறித்தது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதை நம்பிவிட மனசு பறந்தது. பக்கத்தில் ஒருத்தி செய்யாத குற்றத்துக்குத் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். இவள் அவள் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே தக்கலை ஆஸ்பத்திரி வாசல்வரை போனாள். பத்து நிமிஷம் இருக்கும்.

அங்கே இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். விரலில் ஒரு கருவியை மாட்டினாள். என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். டெல்சி அழுகையை விழுங்கிக்கொண்டு மீன்கறிக் கதையைச் சொன்னாள். எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு என்பதுவரை சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே நர்ஸிடம் டிரிப்ஸ் போடச் சொன்னாள், வாந்திக்கு ஒரு மருந்து பேர் சொன்னாள். அப்போது பிள்ளையின் வலது கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. அப்புறம் கால்.

“மீன் இல்ல” என்றாள் நேசபாய்.

ஆபேல் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

“மரச்சீனியாக்கும் டாக்டரே. கட்டுள்ள கிழங்கு. நான்தான் அவிச்சேன். வெள்ளத்தில வேவிச்சு வடிக்கல்ல, ஆவியில வெச்சேன். பன்னிரண்டு மணிக்குத் திண்ணிருக்கான், அஞ்சாறு துண்டு. இப்பம் ஒண்ணே கால் மணிக்கூர் ஆச்சு.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவள் ஒருவரையும் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு மூக்கில் ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னாள். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தாள். இதற்கான மருந்து இங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், நான் இப்போதே பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். முதலிலேயே சொல்லியிருந்தால் நேரே அங்கே போயிருக்கலாமே என்று நர்ஸ்தான் வாய்விட்டுச் சொன்னாள். வெளியே ஆம்புலன்ஸைத் திருப்பும் சத்தம் கேட்டது.

டெல்சி அழுகையை நிறுத்தியிருந்தாள். நேசபாயை முதல் தடவை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

“வீட்டுக்கு வரும்பமே தெரியுமா?”

“தெரியும்.”

“ஆட்டோவில, நான் மீனு மீனுண்ணு சொல்லும்ப?”

“தெரியும் மக்கா.”

அடிப்பாள் என்று நேசபாய் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெல்சி ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே போனாள். மழை வலுத்திருந்தது. ஆபேல் தூணோரம் ஒதுங்கி நின்றார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரை ஏற்றியதும் டெல்சியும் ஏறிக்கொண்டாள். நேசபாய் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். எந்த முகத்தோடு ஏறுவாள்?

டிரைவர் கதவைச் சாத்த வந்தான். டெல்சி கையை நீட்டித் தடுத்தாள்.

“ஏறுங்க” என்றாள். குரலில் அக்கா இல்லை. “அங்கயும் கேப்பாவ, என்ன திண்ணாண்ணு. நீங்கதான் சொல்லணும்.”

நேசபாய் ஏறினாள். உட்காருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. டெல்சி பிள்ளையின் தலைப்பக்கம் இருந்தாள், இவள் கால்பக்கம். ஆஸ்பத்திரி போய்ச் சேர இன்னும் அரை மணிக்கூர் ஆகும். டெல்சி மகனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேசபாய் தன் கையை அந்தச் சின்னக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.